மாலை போடாத படம்

என் வயதுக்காரர்களே, உங்கள் வீட்டுக் கூடத்திலும் அப்படி ஒரு படம் மாட்டியிருக்கும். கறுப்பு வெள்ளை, மரச்சட்டம், கண்ணாடி மேல் காய்ந்துபோன சந்தனப் பொட்டு, ஒரு மாலை. உள்ளே அப்பாவோ பெரியப்பாவோ யாரையோ முறைத்துக்கொண்டிருப்பார். எங்கள் வீட்டில் ரொம்ப காலம் ஆணி மட்டும்தான் இருந்தது. ஆணியில் ஒரு தொப்பி தொங்கியது.

பேண்டு வாத்தியக்காரர்கள் போடுவார்களே, முன்னால் கறுப்பு விளிம்பு வைத்த வட்டத் தொப்பி, அதுதான். எங்கள் பாண்டிச்சேரியில் அதற்குக் கெப்பி என்று பெயர். பிரெஞ்சுக்காரன் விட்டுப் போன பெயர். அப்பா கிளாரினெட் வாசித்தவர். கல்யாண ஊர்வலம், மாதா கோயில் தேர், மாசி மகத்துக்குச் சாமி கடலுக்குப் போவது என்று எல்லாவற்றுக்கும் அவருடைய பேண்டு போகும். நான் தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில் மஞ்சள் காமாலை வந்து போய்விட்டார். அவர் இருந்த ஒரே போட்டோவும் ஒரு புயல் மழையில் டிரங்குப் பெட்டிக்குள் தண்ணீர் புகுந்து ஊறிப்போனது. அம்மா அதைப் பிரித்தெடுத்துக் காயவைத்தபோது அட்டைதான் மிஞ்சியதாம். முகம் இருந்த இடத்தில் டீ கொட்டினாற்போல ஒரு கறை.

ஆக, என் அப்பாவின் முகம் எனக்குத் தெரியாது. இதைச் சொல்லிப் பாருங்கள், எத்தனை அசிங்கமாக இருக்கிறது! அமாவாசைக்கு அமாவாசை அம்மா அந்தக் கெப்பிக்கு முன்னால் இலை போட்டுப் படைப்பாள். என்னோடு படித்த ஒருத்தி அதைப் பார்த்துவிட்டுப் போய், "அவங்கப்பா தொப்பிடி" என்று வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டாள். அவள் சடையைப் பிடித்து இழுத்து டீச்சரிடம் அடி வாங்கினேன். அடி வலிக்கவில்லை. தெருவில் போகிற எந்த ஆளும் அப்பா மாதிரி இருக்கலாம், இருந்தாலும் எனக்குத் தெரியாது என்பதுதான் வலித்தது.

அம்மா தையல்காரி. முத்தியால்பேட்டையில் ஒற்றை அறை வீடு, ஜன்னலோரம் மிஷின். யார் எதைத் தைக்கக் கொடுத்தாலும் தைப்பாள். பெரிய வாய்க்கால் பக்கம் ஸ்டுடியோ வைத்திருந்த போட்டோக்காரர் ஒரு நாள் கறுப்புத் துணி மூட்டையோடு வந்தார். ஸ்டுடியோ இருட்டறைக்குத் திரை தைக்க வேண்டுமாம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷனோடு வந்தவர் என்பதால் ஊரே அவரை முசியே, அதாவது ஐயா, என்றுதான் கூப்பிடும். பாண்டியில் எந்த ஊர்வலம் போனாலும் முன்னால் பின்பக்கமாக நடந்துகொண்டே படம் எடுப்பவர் அவர்தான்.

அம்மா மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "முசியே, எங்க வூட்டுக்காரரு பேண்டு நீங்க எடுத்த ஊர்வலத்துல எல்லாம் வந்திருக்கும். பழைய பிலிம்ல அவரு முகம் இருக்கும். தேடிக் குடுத்தீங்கன்னா..."

"எம்மா, பரண் முழுக்கப் பெட்டி கெடக்குது. எத்தினி ஊர்வலம், எத்தினி பேண்டு! யாரு ஒக்காந்து தேடறது?" என்று சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை. அவருக்கு அது ஒரு முகம், அவ்வளவுதான். அம்மாவும் கூடவே சிரித்து வைத்தாள். திரை தைத்து முடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தபோது என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

"தையக்கூலி வாணாம் முசியே. இவளுக்குத் தொழில் கத்துக்குடுங்க."

"பொம்பளப் புள்ளைக்கு எதுக்கும்மா இது?"

"கல்யாண வூட்டுல பொம்பளைங்க ரூமுக்குள்ள நீங்க போக முடியுமா? ஒரு பொம்பள எடுத்தா நல்லாருக்கும் இல்ல?"

முசியேவின் முகம் மலர்ந்துவிட்டது. இத்தனை நாள் ஒருவரும் அவரிடம் வந்து கற்றுக்கொடு என்று கேட்டதில்லையாம். பள்ளிக்கூடம் விட்டதும் வா, லீவு நாளில் காலையிலேயே வா என்றார். திரும்பி வருகிற வழியில் அம்மா என் கையை அழுத்திப் பிடித்தாள். "அவரு சொல்றத நல்லா கேட்டுக்கோ. ஒரு நிமிசம் வீணாக்காத. ஆனா கண்ணு பரண் மேலயே இருக்கட்டும். புரியுதா?"

புரிந்தது.

மழைக்காலம் அது. ஸ்டுடியோவுக்குள் நுழைந்தாலே ஈரச்சுவர் வாடையும் மருந்துத் தண்ணீரின் புளிச்ச வாடையும் மூக்கில் ஏறும். முசியேவுக்கு என்னைப் பெரிய ஆளாக்கிவிட வேண்டும் என்று ஆசை. முதல் பாடத்துக்குக் கேமராவே கிடையாது. ஒரு முட்டையை மேஜையில் வைத்து, ஜன்னல் கதவைத் திறந்தும் மூடியும், வெளிச்சம் அதன் மேல் எப்படி வழிகிறது பார் என்றார். முட்டை. நானோ பரணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "அத்தான்சியோன்!" என்று கத்துவார். கவனம் என்று அர்த்தம். தூக்கிவாரிப்போடும். பிறகு முட்டையைப் பார்ப்பேன். அது முட்டையாகத்தான் இருந்தது.

ஒவ்வொரு சாயங்காலமும் வீட்டு வாசலில் அம்மா நிற்பாள்.

"இன்னிக்கு?"

"முட்டைம்மா."

"இன்னும் முட்டையா? அந்தாளு எப்பதான்டி பொட்டியத் தொறப்பாரு?"

ஒரு நாள் முசியே நெகட்டிவ் ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினார். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய பிலிம் துண்டு. "இதுல முகம் படிக்கத் தெரியாதவன் போட்டோகிராபரே இல்ல. பாரு, இதுக்கு ரெண்டு பக்கம். பளபளன்னு இருக்குதே, அது ஒன்னப் பாக்கணும். மங்கல் பக்கம் அந்தாண்ட இருக்கணும். மாத்திப் புடிச்சியோ, ஒலகமே திரும்பிக்கும். எடது வலதாயிடும், வலது எடதாயிடும்."

நான் இதுதான் சமயம் என்று பிடித்துக்கொண்டேன். "பரண் மேல இருக்குறத எல்லாம் நான் எடுத்துப் படிக்கட்டுமா முசியே? படிச்சுப் பழகிக்கிறேன்." அவர் கண் கலங்கிவிட்டது. பாவம், எத்தனை ஆர்வமான பிள்ளை என்று நினைத்திருப்பார். ஏணியை அவரே பிடித்துக்கொண்டார்.

பிஸ்கட் டின்கள், செருப்புப் பெட்டிகள், எண்ணெய்க் காகித உறைகள். உறை மேல் எழுதியது எல்லாம் ஈரத்தில் அழிந்திருந்தது. ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னலுக்கு நேரே பிடிப்பேன். நெகட்டிவில் பார்த்த மனிதர்களை நீங்கள் மறக்க மாட்டீர்கள். தலைமுடி வெள்ளை, பல் கறுப்பு, மணப்பெண் பேய் மாதிரி. கறுப்புக் கெப்பி வெளுத்துத் தெரியும். தூக்கத்தில் அவர்கள் எல்லாம் வரிசையாக வந்து வாசித்தார்கள், சத்தமே வராது.

முகம் தெரியாத அப்பாவை எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது? அதற்கும் அம்மா வழி சொல்லியிருந்தாள். அந்தப் பேண்டில் கிளாரினெட் இரண்டு பேர். ஒருவர் அப்பா. இன்னொருவர் கனகசெட்டிக்குளத்துக்காரர், அப்பாவின் சிநேகிதர். பக்கத்துப் பக்கத்தில் நிற்பார்கள்.

"ஊர்ல எல்லாரும் எடது கைய மேல வெச்சு வாசிப்பாங்க. ஒங்கப்பா தானா கத்துக்கிட்டவரு, வலது கை மேல இருக்கும். பேண்டு மாஸ்டரு எத்தினி திட்டினாலும் மாத்திக்கல. அந்தக் கையப் பாரு, அது போதும்."

நானும் கைகளாகப் பார்த்தேன். இடது கை மேலே, இடது கை மேலே, இடது கை மேலே. சில படங்களில் டிரம்காரர் மறைத்துக்கொண்டிருப்பார். சிலவற்றில் யானை. ஒருமுறை மாப்பிள்ளைக் கார் மறைத்தது. அந்த மாப்பிள்ளையை இன்றைக்கும் எனக்குப் பிடிக்காது.

பொங்கல் நெருங்கும்போது முசியே சாதாரணமாகச் சொன்னார். "பழச எல்லாம் தூக்கிக் குடுத்துடப் போறேன். பரண் ஒழுகுது, பிலிம் எல்லாம் ஒட்டிக்கிட்டுக் கெடக்குது. வெள்ளி எடுக்கறவன் வந்து அள்ளிக்கினு போவான்." நெகட்டிவில் கொஞ்சம் வெள்ளி இருக்குமாம். அதைக் கழுவி எடுக்க என்றே ஆட்கள் இருந்தார்கள். என் அப்பாவைக் கழுவிவிடப் போகிறார்கள். ஏன் அப்போதே உண்மையைச் சொல்லித் தொலைக்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். ஒரு தடவை கேட்டுச் சிரிப்பு வாங்கிய அம்மா, இரண்டாம் தடவை கேட்கவே கூடாது என்று சொல்லியிருந்தாள். அவள் ரோஷம் அப்படி.

அந்த வாரம் முழுக்க நான் சரியாகச் சாப்பிடவில்லை. அம்மா மிஷினில் ஊசியை இரண்டு தடவை உடைத்தாள்.

வெள்ளிக்காரர் சொன்ன நாளுக்கு முன்னாலேயே வந்துவிட்டார். லீவு நாள், காலை. முசியே ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். வந்தால் எடுத்துப் போகச் சொல்லு என்று சொல்லிவிட்டுத்தான் போனார். சாக்குப் பைகளோடு ஏணியில் ஏறி, டின்களை அப்படியே கவிழ்த்தார் அந்த மனுஷன். நான் பார்க்காத பெட்டிகள் இன்னும் எத்தனையோ இருந்தன.

"இரு இரு, பாப்பா, கைய வுடு. இன்னா தேடற?"

"ஒண்ணே ஒண்ணுண்ணா. ஒண்ணே ஒண்ணு பாத்துட்டுத் தரேன்."

"மழை வருது பாப்பா, வண்டி நனையும்."

நான் சாக்குக்குள் இரண்டு கையையும் விட்டு அள்ளினேன். ஜன்னலுக்கு ஓடிப் பார்ப்பேன், போடுவேன், மறுபடி அள்ளுவேன். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. கை வியர்த்துப் பிலிம் விரலில் ஒட்டியது. அவர் ஒரு சாக்கின் வாயைக் கட்டினார். அடுத்ததைக் கட்டக் கயிறு எடுத்தார். அப்போதுதான் அது கையில் வந்தது. வெளிறிய கெப்பி, ஊதி உப்பிய கன்னம், தரையைப் பார்த்துச் சாய்ந்த கிளாரினெட். வலது கை மேலே.

அடக் கடவுளே, வலது கை மேலே!

நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருட்டறைக்குள் ஓடினேன். வண்டி கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது. முசியே செய்யும்போது பார்த்துப் பார்த்து எல்லாம் மனப்பாடம். சிவப்பு விளக்கைப் போட்டேன். பிலிமை எந்தப் பக்கம் பார்த்துக் கண்டுபிடித்தேனோ அதே பக்கமாகப் பெரிதாக்கும் கருவியில் செருகினேன். பக்கத்தில் டிரம் மறைத்திருந்த ஆளையும் கூட்டத்தையும் விட்டுவிட்டு, தொப்பியிலிருந்து மார்பு வரை அவரை மட்டும் காகிதத்தில் விழவைத்தேன். மருந்துத் தட்டில் காகிதம் மிதந்தது. முதலில் ஒன்றுமில்லை. பிறகு கெப்பியின் விளிம்பு, புருவம், உப்பிய கன்னம். என் அப்பா தண்ணீருக்குள்ளிருந்து மேலே வந்தார். நான் சத்தம் போட்டு அழுதேன். அறைக்குள் யாரும் இல்லை, அதனால் நன்றாகவே அழுதேன்.

முசியே வந்து ஈரப் படத்தைப் பார்த்தார். தரையில் சிதறிய பிலிம்களைப் பார்த்தார். "இதுக்காகத்தான் வந்தியா?" என்றார். தலையாட்டினேன். திட்டவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "கை நடுங்கல. வெளிச்சம் சரியா குடுத்திருக்க. நாளைக்கும் வருவியா?" என்று கேட்டார். வருவேன் என்றேன். பெரிய பரீட்சை வரும்வரை போனேன்; முட்டையில் வெளிச்சம் வழிவதைக் கடைசியில் பார்த்தும்விட்டேன்.

படத்தையும் அந்தப் பிலிமையும் தினத்தாளில் சுற்றி மழையில் நனையாமல் ஓடிவந்தேன். அம்மா மிஷினை விட்டு எழுந்து, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். வெளிச்சம் போதவில்லை என்று வாசலுக்குப் போய்ப் பார்த்தாள். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"கையப் பாரும்மா, வலது கை! நான்தான் கண்டுபிடிச்சேன், நானே கழுவினேன்!"

"மத்தப் பொட்டி எல்லாம்?"

"போயிடுச்சும்மா. இன்னிக்கே வந்து அள்ளிக்கினு போயிட்டான்."

"எல்லாமேவா?"

"எல்லாமே."

அம்மா வாசப்படியில் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்து நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். திடீரென்று ஒரு பயம் வந்தது.

"அப்பாதானேம்மா?"

என்னைப் பார்த்தாள். என் விரல் எல்லாம் மருந்து பட்டு மஞ்சளாக இருந்தது. அதை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்பாதான்."

சட்டம் போட்டு மாட்டினோம். கெப்பி பக்கத்தில் இன்னொரு ஆணிக்கு மாறியது. வருகிறவர்கள் எல்லாம் என்னையும் படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்து, "அப்பா மூக்கு அப்படியே வந்திருக்குது" என்றார்கள். ஊதுகிற கன்னத்துக்கு நடுவில் மூக்கு எங்கே தெரிந்ததோ! காரைக்காலிலிருந்து தனியாளாக வந்தவர் அப்பா. அவரைத் தெரிந்த உறவு என்று ஒருவரும் எங்கள் வாசலுக்கு வந்ததில்லை. நான் மூக்கைத் தடவிப் பெருமைப்பட்டேன்.

ஒரு விஷயம் மட்டும் உறுத்தியது. அம்மா படத்துக்கு மாலை போட விடமாட்டாள். பொட்டும் வைக்க விடமாட்டாள். அமாவாசைக்குப் படத்துக்கு முன்னால் ஒரு விளக்கு, அவ்வளவுதான். பூவைக் கெப்பிக்கு வைத்துவிடுவாள். நான் ஒரு தடவை ஆசையாகக் கதம்பம் வாங்கி வந்து ஸ்டூல் போட்டு ஏறியபோது, அடுப்படியிலிருந்து ஓடிவந்து பிடுங்கினாள். "அய்யய்யோ, போடாதடி! பூ ஈரம் எறங்கிப் படம் வீணாயிடும். ஏற்கனவே ஒண்ணு தண்ணியில போச்சு, பத்தாதா?" ஈரத்துக்கா இத்தனை பயம் என்று இருந்தது எனக்கு.

அந்தப் பொங்கல் முடிந்து கனகசெட்டிக்குளத்துக்காரர் வந்தார், அப்பாவின் சிநேகிதர். வருஷத்துக்கு ஒருமுறை பஸ் ஏறி வந்து கருவாடு கொடுத்துவிட்டு, கெப்பியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போவார். ஒட்டிய கன்னம், ஒல்லி ஆள். தெருமுனையில் அவர் தலையைப் பார்த்ததும் அம்மா மிஷினைத் தள்ளிவிட்டு எழுந்தாள். வாசல் கதவை வெளியே இழுத்துச் சாத்திக்கொண்டு அதன் மேல் சாய்ந்து நின்றாள்.

"உள்ள வராதீங்கண்ணா. பாப்பாவுக்கு அம்மை போட்டிருக்குது."

நான் உள்ளே ஜன்னல் பக்கம் நின்று, ஒரு கொப்புளமும் இல்லாத என் கைகளைப் பார்த்துக்கொண்டேன். அவர் பதறிப்போனார். வேப்பிலை கட்டினாயா, இளநீர் கொடுத்தாயா என்றெல்லாம் கேட்டார். கருவாட்டைத் திண்டில் வைத்துவிட்டுப் போனார். அதற்கப்புறம் அம்மா அவரை வீட்டுக்கு வரவே விடவில்லை. "வயசாவுது, நீங்க எதுக்கு அலையணும்" என்று, வருஷத்துக்கு ஒருமுறை இவளே பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒவ்வொரு தடவையும் விசாரிப்பாள். திரும்பி வந்ததும் படத்துக்கு நேராக நின்று விளக்கைத் தூண்டிவிடுவாள். என்ன இது, ஓர் ஆம்பளையை இத்தனை விசாரிக்கிறாளே என்று, கல்யாணமாகி அம்மாவை என்னோடு வைத்துக்கொண்ட பிறகு, நானே ஒரு தடவை கோணலாக நினைத்தேன். போகட்டும்.

அம்மா போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. போன மாதம் சட்டத்தில் கரையான் ஏறியிருந்தது. மாற்றலாம் என்று கழற்றினேன். படத்துக்குப் பின்னால், எண்ணெய்க் காகிதத்தில் மடித்து, அந்த நெகட்டிவ் இருந்தது. அம்மா வைத்திருக்கிறாள். ஜன்னலுக்குப் போய்ப் பிடித்தேன். பழைய பழக்கம், பளபளப்புப் பக்கம் தானாக என்னைப் பார்த்துத் திரும்பியது.

இடது கை மேலே இருந்தது.

திருப்பினேன். மங்கல் பக்கம் என்னைப் பார்த்தது. வலது கை மேலே. படத்தை எடுத்துப் பார்த்தேன். கோட்டுப் பை வலது மார்பில் இருந்தது. எந்த ஊர்த் தையல்காரர் பையை வலப்பக்கம் வைப்பார்? தையல்காரியின் வீட்டில், அவள் மிஷினுக்கு எதிர்ச்சுவரில், இத்தனை வருஷம் அது வலப்பக்கமாகவே தொங்கியிருக்கிறது. அத்தான்சியோன் என்று முசியே எத்தனை தடவை கத்தினார்! நான் கண்டுபிடித்தது கனகசெட்டிக்குளத்துக்காரரை. உயிரோடு இருந்த மனிதரை. அவருக்குத்தான் என் அம்மா மாலை போட விடாமல் கதவில் சாய்ந்து காவல் காத்திருக்கிறாள்.

கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். கோபம்தான் முதலில் வந்தது. சொல்லியிருக்கலாமே அம்மா. நான் தாங்கியிருப்பேனே. அப்புறம் என் மஞ்சள் விரலை அவள் மடியில் வைத்துக்கொண்டது ஞாபகம் வந்தது. தாங்கியிருக்க மாட்டேன்.

அவள் சொல்லாமலும் இல்லை. அவளுக்கு நடை தளர்ந்த காலத்தில், கனகசெட்டிக்குளத்திலிருந்து ஒரு சாவுச் செய்தி வந்தது. வேண்டாம் என்று நான் சொல்லச் சொல்லக் கேட்காமல் பஸ் ஏறிப் போனாள். சாயங்காலம் திரும்பி வந்து தலைக்கு ஊற்றிக்கொண்டாள். ஈரத்தலையோடு, வழியில் வாங்கி வந்த இரண்டு சாமந்தி மாலையைப் பையிலிருந்து எடுத்தாள். ஸ்டூலைப் பிடிடி என்றாள். அவளே ஏறி, முதல் முறையாகப் படத்துக்கு ஒன்றைப் போட்டாள்.

"இத்தினி வருசம் வாணாம் வாணாம்னியே?"

"இனிமே போடலாம்."

இறங்கி, அடுத்ததைக் கெப்பியைச் சுற்றிப் போட்டாள்.

"தொப்பிக்கு எதுக்கும்மா இவ்ளோ பெரிய மாலை?"

"அது அவருக்கு," என்று படத்தைக் காட்டினாள். கெப்பியின் விளிம்பைத் தடவிக்கொண்டே, "இது ஒங்கப்பாவுக்கு" என்றாள்.

வயசாகிவிட்டது, பேச்சு குழறுகிறது என்று நினைத்துக்கொண்டேன். உலையில் சோறு பொங்கும் சத்தம் கேட்டது. ஸ்டூலை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு வடிக்கப் போய்விட்டேன்.